சேர்வர் மாற்றிய பின் படங்களைக் காணவில்லையா? அறிகுறி பார்த்துப் பாதையைத் திருத்தும் வழி

வெள்ளவத்தையில் உள்ள ஓர் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் ஒரு நாள் இரவு 10 மணிக்கு அழைத்தார். "தம்பி, 15 வருசப் படம் எல்லாம் போயிட்டுது. ஹோஸ்டிங் மாத்தினாங்கள், இப்ப ஒரு படமும் இல்லை." உள்ளே போய்ப் பார்த்தேன். படக் கோப்புகளில் பெரும்பாலானவை புதிய சேர்வரில் இருக்க வேண்டிய ஃபோல்டரில் அப்படியே இருந்தன. தளம்தான் அவற்றைப் பழைய விலாசத்தில் தேடிக்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு அழைப்பதற்கு முன்பே இரண்டு பிள்ளைகள் பகல் முழுக்க உட்கார்ந்து, "வேலை செய்யாத" படங்களைப் பட நூலகத்திலிருந்து அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அந்தத் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் பட நூலகப் பதிவு ஒன்றை அழித்தால் கோப்பும் கூடவே அழியும். அந்தப் படத்தில் நிற்பவர்கள் யார், எந்த வருடத் திருவிழா என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வைத்த குறிப்பும் அழியும்.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: எதையும் அழிக்காதீர்கள், எதையும் திரும்ப ஏற்றாதீர்கள். சேர்வர் மாற்றிய பின் படங்களைக் காணவில்லை என்றால் பெரும்பாலும் கோப்பு பத்திரமாகத்தான் இருக்கும்.

2022 இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களில் 350 ரூபாயைத் தாண்டியபோது, ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளம் இருக்கும் சேர்வர் இடத்துக்கு, டொலரில் வாடகை கட்டிக்கொண்டிருந்த கொழும்புக் கடைகளும் சங்கங்களும் மலிவான இடம் தேடித் தளங்களை மாற்றத் தொடங்கின. அப்போதிருந்து இந்த வேலை என்னிடம் நிறைய வருகிறது. திரும்பத் திரும்பப் பார்த்த அறிகுறிகளை இங்கே எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள். பாதைகளையும் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழமைபோல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கை வைப்பதற்கு முன்

ஒரு கோப்புக்கு இரண்டு விலாசங்கள் உண்டு. ஒன்று இணைய முகவரி. பார்வையாளரின் பிரவுசர் அதைக் கொண்டுதான் படத்தைக் கேட்கிறது. மற்றது வட்டுப் பாதை, அதாவது சேர்வருக்குள் அந்தக் கோப்பு இருக்கும் இடம். வீட்டு விலாசம் ஒன்று, "உள் அறை அலுமாரியில் இரண்டாம் தட்டு" என்பது இன்னொன்று. வீடு மாறும்போது இரண்டும் மாறலாம், ஒன்று மட்டும் மாறலாம். எது மாறியது என்று தெரியாமல் திருத்தப் போனால் நல்லாயிருந்ததும் கெட்டுப்போகும்.

பழைய வட்டுப் பாதையையும் புதியதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சீபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங்கில் வழமையாக /ஹோம்/கணக்குப்பெயர்/பப்ளிக்_எச்டிஎம்எல் என்று இருக்கும். பிளெஸ்க் என்ற இன்னொரு பலகை என்றால் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/விஹோஸ்ட்ஸ் என்பதற்குக் கீழே தளத்தின் பெயர், அதற்குள் எச்டிடிபிடாக்ஸ். உபுண்டு லினக்ஸில் அப்பாச்சி என்ற வெப் சேர்வர் மென்பொருளை நாமே நிறுவினால் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல். சந்தேகம் இருந்தால் தளம் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் __டிர்__ மாறிலியை அச்சிடும் ஒரு வரிக் கோப்பைப் புதிய சேர்வரில் வைத்துத் திறந்து பாருங்கள், சரியான பாதையை அதுவே சொல்லும். பார்த்த கையோடு அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள், வெளியார் பார்க்க வேண்டிய விசயம் இல்லை.

பிறகு கட்டுரைகளும் அமைப்புகளும் இருக்கும் டேட்டாபேஸை முழுதாக ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரதியால் இரண்டு பயன். திருத்தம் பிழைத்தால் திரும்பிப் போகலாம். அதோடு, அந்த எஸ்கியூஎல் கோப்புக்குள்ளேயே பழைய பாதையைத் தேடி, அது எந்த அட்டவணையில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். தளத்தின் கோப்புகளுக்குள்ளும் கிரெப் கட்டளையால் அதே பாதையைத் தேடுங்கள். இந்த இரண்டு தேடலிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

அறிகுறி: பக்கம் திறக்கிறது, ஒரு படமும் தெரியவில்லை

தெரியாத படத்தின் மேல் வலது சொடுக்கிப் புதிய தாவலில் திறவுங்கள். மேலே வரும் முகவரியை நிதானமாகப் படியுங்கள். பழைய டொமைனா? சோதனைக்காகத் தந்திருந்த தற்காலிக முகவரியா? நடுவில் "நியூ", "டெஸ்ட்" என்று ஏதாவது ஃபோல்டர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்கப் படம் மட்டும் எச்டிடிபியில் அழைக்கப்படுகிறதா?

வேர்ட்பிரஸ் பட நூலகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் "2019/04/தேர்.ஜேபிஜி" என்பதுபோல் குறுகிய பாதையைத்தான் சேமிக்கிறது. அது எங்கே போனாலும் செல்லும். ஆனால் கட்டுரைக்குள் படத்தைச் செருகும்போது முழு முகவரியும் கட்டுரையின் உடலில் எழுதப்பட்டுவிடுகிறது. அதனால்தான் பட நூலகத்தில் சிறு படங்கள் ஒழுங்காகத் தெரியும்போதும் கட்டுரைகளில் வெறும் சட்டங்கள் நிற்கின்றன. இந்த வேறுபாட்டைக் கண்டாலே கட்டுரை உடலில்தான் பிழை என்று முடிவு செய்யலாம்.

திருத்துவதற்கு, வேர்ட்பிரஸைக் கட்டளை வரியில் இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் சேர்ச்-ரிப்ளேஸ் கட்டளையைப் பாவியுங்கள். முதல் தடவை --டிரை-ரன் சேர்த்து ஓடவிட்டால் எதையும் மாற்றாமல் எத்தனை இடம் மாறும் என்று மட்டும் காட்டும். நீங்கள் முன்பு எண்ணி வைத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஜியுஐடி என்ற நிரலைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அது பெயருக்கு முகவரிபோல இருந்தாலும் பதிவின் அடையாளம், ஃபீட் மூலம் படிப்பவர்களின் மென்பொருள் அதை வைத்தே பழைய பதிவையும் புதிய பதிவையும் பிரித்தறிகிறது.

ஓடி முடிந்த பிறகும் சில பக்கங்களில் மட்டும் பழைய முகவரி மிஞ்சி இருந்தால், அந்தப் பக்கங்கள் பக்கத்தை இழுத்து வைத்து அமைக்கும் பேஜ் பில்டரில் செய்தவையா என்று பாருங்கள். எலிமென்டர் போன்றவை பக்கத்தை ஜேசன் வடிவில் வைக்கின்றன. அங்கே ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஒரு எதிர்ச்சாய்கோடு இருக்கும், ஆகவே நாம் தேடும் சொல் அப்படியே அங்கே கிடையாது. எதிர்ச்சாய்கோடு சேர்த்து இன்னொரு முறை தேட வேண்டும். எலிமென்டரில் முகவரி மாற்றுவதற்கென்றே அதன் கருவிகள் பகுதியில் ஒரு வசதி இருக்கிறது, அதையே பாவிப்பது நல்லது.

அறிகுறி: தளம் வருகிறது, ஆனால் தோற்றம் கலைந்துவிட்டது, பக்கப் பட்டையும் தீம் அமைப்புகளும் வெறுமை

இதைக் கண்டால் நான் கேட்கும் முதல் கேள்வி: "எஸ்கியூஎல் கோப்பை எடிட்டரில் திறந்து, கண்டுபிடித்து மாற்று என்று கொடுத்தீர்களா?" பெரும்பாலும் ஆம் என்றே பதில் வரும். டேட்டாபேஸைப் பிரவுசரில் திறக்கும் பிஎச்மைஅட்மினில் ஒரு ரிப்ளேஸ் வரியை ஓடவிட்டாலும் இதே கதிதான்.

காரணம் இது. வேர்ட்பிரஸும், அதற்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்களான பிளக்இன்களும் பல அமைப்புகளைச் சேர்த்து ஒரே சரமாகக் கட்டி டேட்டாபேஸில் வைக்கின்றன. சீரியலைஸ் செய்வது என்பார்கள். அந்தக் கட்டுக்குள் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளமும் எழுதப்பட்டிருக்கும்.

எஸ்:23:"/ஹோம்/கடை/பப்ளிக்_எச்டிஎம்எல்"

ஆங்கில எழுத்தில் அந்தப் பாதை 23 பைட் (கணினி தகவலைச் சேமிக்கும் சிறு அலகு). அதை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல் என்று மாற்றினால் 13 பைட் ஆகிவிடும். ஆனால் முன்னால் 23 என்றே நிற்கும். பிஎச்பி 23 பைட்டை எண்ணிக்கொண்டு போய், முடிய வேண்டிய இடத்தில் முடியாததைக் கண்டு, கட்டு முழுவதையும் செல்லாது என்று தள்ளிவிடும். ஒரு பாதை பிழைத்ததற்காக அந்த வரிசையில் இருந்த எல்லா அமைப்புகளும் ஒன்றாகப் போய்விடும்.

கையால் எண்ணைத் திருத்தலாமே என்று சிலர் இறங்குவார்கள். நம் மொழியில் அது இன்னும் ஆபத்து. அந்த எண் எழுத்துகளை எண்ணியது இல்லை, பைட்டுகளை எண்ணியது. "வெள்ளவத்தை" கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 10 குறியீடு, யூடிஎஃப்-8 இல் 30 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், சிங்களமும் அப்படியே. மும்மொழித் தளங்கள் நிறைந்த இந்த ஊரில், ஆங்கிலத் தளத்தில் தப்பித்த ஒரு திருத்தம் தமிழ்ப் பக்கத்தில் மாட்டிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வழி: வைத்திருந்த பிரதியைத் திரும்ப ஏற்றிவிட்டு, டபிள்யூபி-சிஎல்ஐ மூலம் மாற்றுங்கள். அது கட்டை அவிழ்த்து, மாற்றி, நீளத்தைச் சரியாக எழுதித் திரும்பக் கட்டும். அதுவரை நிர்வாகப் பக்கத்தில் தீம் அமைப்பு, விட்ஜெட் எதிலும் "சேமி" பொத்தானை அழுத்தவே வேண்டாம். இப்போது கட்டு படிக்க முடியாமல்தான் இருக்கிறது, உள்ளே தகவல் இருக்கிறது. சேமித்தால் வெறுமை அதன் மேல் எழுதப்படும், பிறகு பிரதி ஒன்றுதான் கதி.

அறிகுறி: சில படங்கள் வருகின்றன, சில வரவில்லை, ஒழுங்கு ஏதும் புலப்படவில்லை

ஒழுங்கு இருக்கிறது, கோப்புப் பெயர்களைப் பார்த்தால் தெரியும்.

முதலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. தளத்தை விண்டோஸ் கணினியில் எக்ஸாம்ப் (சொந்தக் கணினியிலேயே தளத்தை ஓடவிடும் மென்பொருள்) போட்டுச் செய்திருந்தால், பெயர் பெரிய எழுத்தில் இருந்தாலும் சிறிய எழுத்தில் இருந்தாலும் விண்டோஸ் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அப்படி இல்லை. டிஜிட்டல் கமரா தரும் கோப்புகளின் வால் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும், பக்கத்தில் நாம் சிறிய எழுத்தில் எழுதியிருப்போம். விண்டோஸில் வளர்ந்த தளங்களில் பாதைக்குள் எதிர்ச்சாய்கோடு வந்திருந்தாலும் இதேபோல் லினக்ஸில் கிடைக்காது.

இரண்டாவது, தமிழில் பெயர் வைத்த கோப்புகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு உதவிப் பக்கங்களில் இதற்கு விடை கிடைப்பது அரிது.

"கொழும்பு" என்ற பெயரையே எடுங்கள். முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். "க" வும் "ொ" என்ற ஒரே குறியும் சேர்ந்து வருவது ஒன்று. "க", பிறகு "ெ", பிறகு "ா" என்று மூன்றாகப் பிரிந்து வருவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவது 24 பைட், இரண்டாவது 27 பைட். லினக்ஸுக்கு இவை இரண்டு வேறு கோப்புகள். பழைய மெக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறை கோப்புப் பெயரைச் சேமிக்கும்போது பிரித்தே வைக்கும். ஒருவர் அப்படியான மெக்கில் படங்களைச் சேர்த்துப் புதிய சேர்வருக்கு ஏற்றுகிறார், டேட்டாபேஸில் பெயர் சேர்ந்த வடிவில் இருக்கிறது, முடிந்தது கதை. "ொ", "ோ", "ௌ" வரும் பெயர்கள் மட்டும் திறக்காது. "மருதானை" வரும், "கோட்டை" வராது. இந்த அமைப்பைக் கண்டால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம்.

லினக்ஸ் சேர்வரில் கன்வ்எம்வி என்ற கருவி பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித் தரும். --என்எஃப்சி என்று கொடுக்க வேண்டும். --நோடெஸ்ட் சேர்க்கும் வரை அது என்ன செய்யப்போகிறது என்று காட்டுவதோடு நின்றுகொள்ளும், அதனால் பயமில்லாமல் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

தமிழ்ப் பெயர்கள் எல்லாமே கேள்விக்குறிகளாகவும் புரியாத எழுத்துகளாகவும் மாறியிருந்தால் அது வேறு சங்கதி. ஜிப் கட்டும்போதோ அவிழ்க்கும்போதோ எழுத்துக் குறியாக்கம் தவறியிருக்கிறது. அப்போது மாறிய பெயர்களைத் திருத்திக்கொண்டிருக்காமல் பழைய சேர்வரிலிருந்து டார் கோப்பாகக் கட்டி, புதிய சேர்வரிலேயே அவிழ்த்துவிடுங்கள்.

கோப்பு இருந்தும் 403 என்று வந்தால் அது அனுமதிப் பிரச்சினை, பாதையைத் தொட வேண்டாம்.

அறிகுறி: வெள்ளைப் பக்கம், அல்லது 500 என்ற சேர்வர் பிழை

எரர் லொக்கை, அதாவது சேர்வரின் பிழைப் பதிவேட்டை, திறவுங்கள். "ஃபெயில்ட் ஓப்பனிங் ரிக்வயர்ட்" என்று தொடங்கும் வரி இருந்தால் அதற்கு அடுத்து பழைய சேர்வரின் பாதை தெரியும். ஃபயர்வோல் வகைப் பிளக்இன்கள் சில, ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் தங்கள் கோப்பு ஒன்றை ஓடவிடச் சொல்லி முழு வட்டுப் பாதையோடு டொட் யூசர் டொட் இனி கோப்பில் எழுதி வைக்கின்றன. புள்ளியில் தொடங்கும் கோப்பு என்பதால் எஃப்டிபியில் மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். அதில் ஓட்டோ_பிரிபெண்ட்_ஃபைல் வரியின் பாதையைத் திருத்துங்கள். திருத்தியும் பக்கம் வெள்ளையாகவே இருக்கிறதா? 5 நிமிடம் பொறுங்கள். பிஎச்பி இந்தக் கோப்பை இயல்பாக 300 வினாடிக்கு ஒருமுறைதான் திரும்பப் படிக்கும். இது தெரியாமல் சரியான திருத்தத்தைப் பிழை என்று நினைத்து அழித்துவிட்டு வேறெங்கோ தேடப் போகிறவர்கள் உண்டு.

பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாக்கும் கேஷ் பிளக்இன்களும் இதே வேலையைச் செய்யும். டபிள்யூபி-கன்ஃபிக் கோப்பிலும், டபிள்யூபி-கொன்டென்ட் ஃபோல்டரில் உள்ள அட்வான்ஸ்ட்-கேஷ் கோப்பிலும் பழைய பாதை இருக்கிறதா என்று பாருங்கள். "ஓப்பன்_பேஸ்டிர்" என்று லொக்கில் வந்தால், தனக்கு அனுமதித்த ஃபோல்டருக்கு வெளியே எதையோ தளம் திறக்கப் பார்க்கிறது என்று பொருள். அந்த வெளியிடம் பெரும்பாலும் பழைய பாதைதான்.

பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஃபோல்டர் ஒன்று, சரியான பாஸ்வேர்ட் கொடுத்ததும் 500 காட்டினால், எச்டிஅக்செஸ் கோப்பில் உள்ள ஓத்-யூசர்-ஃபைல் வரியில் பாஸ்வேர்ட் கோப்பின் பழைய பாதை இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: பழைய படங்கள் சரி, புதிதாக ஏற்ற முடியவில்லை

வேர்ட்பிரஸ் ஃபோல்டரை உருவாக்க முடியவில்லை என்று ஒரு பாதையைக் காட்டி, அதன் மேல் ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்கிறதா என்று கேட்கும். அந்தக் கேள்வியை நம்பி எல்லோருக்கும் எழுத விடும் 777 அனுமதி கொடுக்காதீர்கள். காட்டுகிற பாதையைப் படியுங்கள். பழைய சேர்வரின் பாதை என்றால், அமைப்புகளில் அப்லோட்_பாத் என்பது பழைய மதிப்போடு இருக்கிறது. ஊடக அமைப்புப் பக்கத்தில் அந்தப் பெட்டி தெரியும். அதை வெறுமையாக்கிச் சேமித்தால் வேர்ட்பிரஸ் தன் இயல்பான இடத்துக்குத் திரும்பிவிடும், பிறகு அந்தப் பெட்டியும் மறைந்துவிடும்.

வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ஜூம்லாவில் இதே நோய் கன்ஃபிகரேஷன் கோப்பின் டிஎம்பி_பாத், லொக்_பாத் இரண்டிலும் வரும். புதிய எக்ஸ்டென்ஷன் நிறுவ முடியாமல் போவதுதான் முதல் அடையாளம்.

வேறு மென்பொருள்கள்

இணையக் கடை மென்பொருளான ஓப்பன்கார்ட்டில் கடையின் முகப்பு வந்து நிர்வாகப் பக்கம் வராவிட்டால், இரண்டு கன்ஃபிக் கோப்புகளில் ஒன்றைத்தான் திருத்தியிருக்கிறீர்கள். அட்மின் ஃபோல்டருக்குள் இருப்பதையும் திருத்துங்கள். பிஎச்பியில் தளம் எழுத உதவும் கட்டமைப்பான லாரவேலில் அமைப்புகள் பழைய பாதையோடு கேஷ் ஆகியிருக்கும், கன்ஃபிக்:கிளியர் ஓடவிட்டு, பப்ளிக் ஃபோல்டரில் உள்ள ஸ்டோரேஜ் இணைப்பையும் நீக்கித் திரும்ப உருவாக்க வேண்டும். இணையவழிக் கற்றல் மென்பொருளான மூடிலில் கவலை குறைவு. அது ஒவ்வொரு கோப்பையும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த ஷா-1 பெயரில் வைப்பதால், கன்ஃபிக் கோப்பில் டேட்டாரூட் பாதையைச் சரிசெய்தால் கோப்புகள் எல்லாம் கிடைத்துவிடும்.

நீங்களே எழுதிய பிஎச்பி என்றால் டேட்டாபேஸில் "2019/04/தேர்.ஜேபிஜி" என்ற அளவோடு நிறுத்துங்கள். முன்பகுதியை __டிர்__ கொண்டு ஓடும்போது சேர்த்துக்கொள்ளலாம். ஏற்கனவே முழுப் பாதை சேமித்த உங்கள் சொந்த அட்டவணையில், சீரியலைஸ் செய்யாத வெறும் எழுத்தாக இருந்தால், ஒரு ரிப்ளேஸ் வரி தாராளமாகப் போதும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் இரவில் நடக்க வேண்டியவை நடக்கவில்லை

பேக்கப் வரவில்லை, நினைவூட்டல் மின்னஞ்சல் போகவில்லை என்றால் குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓடவிடும் கிரொன் வரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பாதைகள் இருக்கும்: ஓட வேண்டிய கோப்பின் பாதை, பிஎச்பியின் பாதை. இரண்டாவதை மறந்துவிடுவோம். சீபேனலில் அது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/பிஎச்பி, உபுண்டுவில் /யூஎஸ்ஆர்/பின்/பிஎச்பி.

அறிகுறி: மாற்றி ஒரு மாதம் நன்றாக ஓடிய தளம், ஒரே நாளில் எல்லாப் படத்தையும் இழந்தது

அன்றைக்குத்தான் பழைய ஹோஸ்டிங் கணக்கு மூடப்பட்டிருக்கும். அந்த ஒரு மாதமும் புதிய தளம் பழைய சேர்வரிலிருந்தே படங்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்ததால் ஒருவரும் முகவரியைப் பார்க்கவில்லை. புதிய சேர்வரில் அந்தக் கோப்புகள் இருந்தால் முதல் அறிகுறிக்குச் சொன்ன திருத்தமே போதும். நகல் எடுக்காமலே மூடியிருந்தால் இன்றைக்கே பழைய நிறுவனத்துக்கு அழைத்துப் பேசுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள்.

இன்னும் மூடவில்லை என்றால் இப்படிச் செய்து பாருங்கள். பழைய சேர்வரில் அப்லோட்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். புதிய தளத்தில் எது உடைகிறதோ அது இன்னும் பழைய இடத்தை நம்பி இருக்கிறது. பெயரைத் திரும்ப வைத்துவிட்டு அவற்றைத் திருத்துங்கள். பழைய சேர்வரின் அக்செஸ் லொக்கிலும் யாராவது படம் கேட்டு வருகிறார்களா, வருபவர்கள் உங்கள் புதிய தளத்திலிருந்து வருகிறார்களா என்று பார்க்கலாம். ஒரு வாரம் முழுக்க அப்படி ஒரு வரியும் இல்லாத பிறகு மூடுங்கள்.

ஊர்ச் சங்கம் தன் பழைய கணக்குக்கு அந்த மாத வாடகையையும் கட்டியிருந்தது. அன்றிரவு அதன் டேட்டாபேஸை இறக்கி, அழிந்த பதிவுகளையும் குறிப்புகளையும் அதிலிருந்து எடுத்துப் புதிய தளத்தில் சேர்த்தோம். முடியும்போது அதிகாலை 3 மணி.